ஒற்றைக் காலில் நிற்கும் கிழவர்

9 மார்ச் 2025, ஞாயிறு

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “இங்கிலாந்து ராக் குழு ஜெத்ரோ டல்லின் புதிய தொகுப்பு ‘கியூரியஸ் ரூமினன்ட்’ வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. முழுவதும் கேட்டேன். பாடகர் இயன் ஆண்டர்சனுக்குக் குரலே இல்லை. 77 வயதில் இது தேவையா? பெயர் கெடாமல் நிறுத்திக்கொண்டிருக்கக் கூடாதா?”

அதே நாள், இரவு

எனக்கு 67. வேலையை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நிறுத்தியதால் என் பெயர் கெடவும் இல்லை, வளரவும் இல்லை. கொல்லையில் முருங்கை மட்டும் வளர்ந்திருக்கிறது.

குரல் விஷயத்தில் தம்பி சொல்வது பொய்யில்லை. அது இன்று நேற்று போன குரலும் இல்லை. 1984இல் சுற்றுப்பயணத்தில் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார், அதன் பிறகு முழுதாகத் திரும்பவில்லை. நாற்பது ஆண்டுகளாக இல்லாத ஒன்றை இப்போது தேடுவானேன்?

இரண்டு முறை கேட்டேன். இப்போதைக்கு என் தீர்ப்பு: சுமார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு குழுவின் பெயரில் வரும் முதல் தொகுப்பு என்பதால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

10 மார்ச்

தவறு. என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தது 2022இல் வெளியான ‘த ஜெலட் ஜீன்’. அடுத்த ஆண்டே நார்டிக் புராணக் கதைகளை வைத்து ‘ராக்ஃப்ளோட்’ வந்தது. இது மூன்றாவது. மொத்தக் கணக்கில் 24ஆவது ஸ்டூடியோ தொகுப்பு. 74 வயதிலிருந்து 77க்குள் மூன்று தொகுப்புகள். நான் அதே வயதுக் கணக்கில் ஒரு கோழிக்கூண்டைக்கூடக் கட்டி முடிக்க மாட்டேன்.

1947 ஆகஸ்ட் 10இல் பிறந்தவர். சுதந்திர இந்தியாவை விட ஐந்து நாள் மூத்தவர்.

12 மார்ச்

தம்பி கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் இந்தக் குழுவுக்கும் என்ன தொடர்பு?

டர்பனின் மேர்பேங்க். 1973. எனக்குப் பதினைந்து வயது. வீட்டில் தொலைக்காட்சி கிடையாது, யார் வீட்டிலும் கிடையாது, இந்த நாட்டுக்கே அது 1976இல்தான் வந்தது. இரவில் எல்.எம். ரேடியோ கேட்போம், மொசாம்பிக்கிலிருந்து அலை அலையாக வந்து வந்து போகும். அண்ணன் துறைமுகத்தில் வேலை செய்தார். ஒரு கப்பல்காரரிடமிருந்து ஒரு எல்.பி. இசைத்தட்டு வாங்கி வந்தார். ‘திக் அஸ் எ பிரிக்’, 1972இல் வந்தது. ஒரே பாட்டு, 43 நிமிடத்துக்கு மேல். தட்டைத் திருப்புவதற்காக மட்டும் நடுவில் வெட்டியிருந்தார்கள். உறை என்று தனியாக ஏதும் இல்லை, பன்னிரண்டு பக்கச் செய்தித்தாள். இல்லாத ஓர் ஊரின் செய்தித்தாள்: கல்யாணச் செய்தி, விளையாட்டு, குறுக்கெழுத்து எல்லாம் இட்டுக்கட்டியவை. கவிதை எழுதிய எட்டு வயதுப் பையன் என்று ஒரு படம். அவனும் கிடையாது.

எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, ஆங்கிலம் படிக்கத் தெரியாது. செய்தித்தாள் என்றால் அவருக்கு ஒரே பயன்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் அந்த ஊரின் நடுப் பக்கங்கள் இரண்டின் மேல் உளுந்து வடை ஆறிக்கொண்டிருந்தது.

அண்ணன் அழுதார். பத்தொன்பது வயது ஆண் பிள்ளை அழுது அன்றுதான் பார்த்தேன். ஆயா சொன்னார்: “எண்ணெயைத்தானடா குடிச்சுது, எழுத்து அப்படியே இருக்குல்ல?”

அதே நாள், சற்று நேரம் கழித்து

இன்னொன்று விட்டுவிட்டது. ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்று குழல் ஊதும் படம் வந்திருந்தது. பரட்டைத் தலை, கிழிந்த கோட்டு. ஆயா அதை வெகுநேரம் பார்த்தார். “இது யாரு, கிறுக்குக் கிருஷ்ணனா?” என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். தட்டு சுழலத் தொடங்கினால் “கிறுக்கன் வந்துட்டான்” என்று சொல்லிவிட்டு ஆயா சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

15 மார்ச்

ஐந்தாம் முறை. ஹெட்ஃபோன் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு.

முதலில் தலைப்பைப் பற்றி. ரூமினன்ட் என்றால் அசைபோடும் பிராணி. மாடு, ஆடு, மான். தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்வது. ஆங்கிலத்திலும் அந்தச் சொல் மனத்துக்குள் திரும்பத் திரும்ப நினைப்பதற்குப் பயன்படுகிறது, தமிழிலும் அப்படியே. ஆனால் நம்மிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது: அசை. நேரசை, நிரையசை. மாலைத் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது. “அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. ஓர் அடியை ஒரே மூச்சில் சொல். முடியாவிட்டால் நீ சோறு தின்னவில்லை என்று அர்த்தம்.”

இந்தத் தொகுப்பில் அவர் அசைகளைத்தான் குறைத்திருக்கிறார். அடிகள் குட்டையாகிவிட்டன. ‘பப்பெட் அண்ட் த பப்பெட் மாஸ்டர்’ பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு அடி பாடுகிறார், நிறுத்துகிறார். அந்த இடத்தில் குழல் வந்து மீதியைச் சொல்கிறது. 1972இல் எங்கே மூச்சு விடுகிறார் என்று தேட வேண்டியிருந்தது. இப்போது மூச்சு விடும் இடத்தை வைத்துத்தான் பாட்டையே கட்டியிருக்கிறார்.

2020இல் அவரே சொன்னார், நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது என்று. ஐம்பது ஆண்டுகள் மேடையில் புகை இயந்திரங்களுக்கு நடுவே நின்றதன் பலன் என்று அவர் கணிப்பு.

சுமார் என்ற தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். வேறு தீர்ப்பு இன்னும் எழுதவில்லை.

16 மார்ச்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு மூச்சுத்திணறல் இருக்கிறது என்று முன்பே எழுதியிருக்கிறீர்கள். அதனால் அவர் இழுப்பதெல்லாம் உங்களுக்கு இசையாகக் கேட்கிறது. இது விமர்சனம் அல்ல, நோயாளிகள் சங்கம்.”

பாதி உண்மை. மீதிப் பாதியை யோசித்துவிட்டு வருகிறேன்.

18 மார்ச்

யோசிப்பதற்குப் பதில் ஒரு சோதனை செய்தேன். யார் என்று சொல்லாமல் வீட்டம்மாவுக்குக் கடைசிப் பாட்டைப் போட்டேன். ‘இன்டெரிம் ஸ்லீப்’. பாட்டு என்று சொல்ல முடியாது, இசை பின்னால் ஓட அவர் பேசுகிறார். சமையலறையிலிருந்து குரல் வந்தது: “யார் இது, கோயில் செயலாளர் நன்றியுரை சொல்வதுபோல் இருக்கிறது?”

அக்காவுக்கு ஒரு புள்ளி.

பிறகு ‘டன்சினேன் ஹில்’ போட்டேன். மக்பெத் நாடகத்தில் வரும் அந்த மலைதான். அதற்கு எதுவும் சொல்லவில்லை. ஆனால் குழம்பைக் கிளறும் கரண்டி தாளத்தோடு போயிற்று. அதை எனக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொள்கிறேன்.

19 மார்ச்

மேர்பேங்க் காற்றைப் பற்றித் தெரியாத தம்பிகளுக்காக: இரண்டு பக்கமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, ஒரு காகித ஆலை, பழைய விமான நிலையம். வெள்ளையருக்குத் தேவைப்படாத நிலத்தில் இந்தியர்களான எங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திவிட்டுச் சுற்றிலும் புகைபோக்கிகளை நட்டார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் ஆஸ்துமா பம்ப் வைத்திருப்போம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டி, புத்தகம், பம்ப். போன மாதம் மருத்துவமனையில் குழாயை நீட்டி “ஊதுங்கள் தாத்தா” என்றார் செவிலிப் பெண். ஊதினேன். முள் 210இல் நின்றது. “இன்னும் கொஞ்சம்” என்றார். இன்னும் கொஞ்சம் இருந்தால் நான் ஏனம்மா இங்கே வருகிறேன்?

22 மார்ச்

‘டிரிங்க் ஃப்ரம் த சேம் வெல்’ பற்றி இருவர் சண்டை போடுகிறார்கள். பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஒருவர் “இதுதான் பழைய டல்” என்கிறார், மற்றவர் “பழைய சோறு” என்கிறார்.

பழைய சோறு என்றால் தவறா? இந்தத் தொகுப்பில் சில பகுதிகள் 2007 வாக்கில் தொடங்கி முடிக்காமல் விட்ட முயற்சிகளிலிருந்து வந்தவை. 2007 வரை குழுவில் கீபோர்டு வாசித்த ஆண்ட்ரூ கிடிங்ஸ் பெயர் மறுபடி வருவதும் அதனால்தான். பானையில் ஊறிக் கிடந்ததை மோர் விட்டுக் கரைத்து வெங்காயத்தோடு வைத்திருக்கிறார். வெயில் நாளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு எது?

நான் கேட்டபோது பதினொன்றாம் நிமிடத்தில் மின்சாரம் போய்விட்டது. இரண்டு மணி நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பாட்டுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை என்பதைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், குறையாகவும் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் நீளம்தான், தம்பி. ஒப்புக்கொள்கிறேன்.

23 மார்ச்

கிட்டார் வாசிப்பவர் ஜோ பாரிஷ் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தேன். அவர் போய்விட்டார். இதில் வாசிப்பவர் ஜாக் கிளார்க்.

அதிலிருந்து பழைய வழக்கு மறுபடி கிளம்பிவிட்டது: மார்ட்டின் பார் இல்லாமல் இது ஜெத்ரோ டல்லா? 1968 கடைசியிலிருந்து 2011 வரை கூடவே இருந்த கிட்டார்காரர். எங்கள் பக்கத்தில் ஒரு உறுமி மேளக் குழு இருக்கிறது. நான் பையனாக இருந்தபோது வாசித்த ஒருவர்கூட இன்று அதில் இல்லை. தோலும் எத்தனையோ முறை மாறிவிட்டது. பேர் அதேதான், தைப்பூசக் காவடிக்கு அழைப்பு வருவதும் அந்தப் பேருக்குத்தான். அதை யாரும் வழக்காடுவதில்லை.

24 மார்ச்

இரவில் ‘அக்வாலங்’ பாட்டில் பார் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை மறுபடி கேட்டேன். உறுமிக்குழு உவமை அவ்வளவு பொருத்தமில்லை. ஜாக் கிளார்க் சுத்தமாக வாசிக்கிறார். பார் வாசிப்பில் ஒரு கோபம் இருக்கும். அது வேறு.

29 மார்ச்

வேடிக்கைக்காக ஒன்று. ஜெத்ரோ டல் என்பது குழுவில் யாருடைய பெயரும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில விவசாயி ஒருவர், 1701இல் குதிரை இழுக்கும் விதைப்புக் கருவி செய்தவர். வரிசையாகக் குழி போட்டு, விதை போட்டு, மூடிக்கொண்டே போகும். 1860இல் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக எங்கள் நேட்டாலுக்கு வந்து இறங்கிய நம் ஆட்களுக்கு அவர் ஒன்றும் உதவவில்லை. கரும்புக்கு விதை தூவ முடியாது, கரணைதான். கரணையைக் குனிந்து குனிந்து கையால் ஊன்றியவர்களுடைய பேரப்பிள்ளைக்கு அந்த ஆளின் பேரிலுள்ள குழு பிடித்துப்போயிற்று.

தம்பி கேட்டார், உங்கள் காலத்தில் டர்பனில் இப்படிப்பட்ட குழுவே இல்லையா என்று. ஏன் இல்லை? ‘ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன்’. இந்த ஊரில் பிறந்த குழு. 1970இல் வந்த அவர்களுடைய ‘அஸ்ட்ரா’ இங்கிலாந்துக்காரர்கள் எவருக்கும் சளைத்ததல்ல. விடுதலையின் பிள்ளைகள் என்று பேர். அவர்கள் வாசித்த மண்டபங்களில் எங்களுக்கு இடம் கிடையாது. அண்ணனும் நானும் அவர்களைத் தட்டில்தான் கேட்டோம், ஆண்டர்சனைப் போலவே. ஆண்டர்சன் ஆறாயிரம் மைல் தூரத்தில் இருந்தார், இவர்கள் பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்.

ஜோகன்னஸ்பர்க்கின் ட்ரெவர் ராபின் பிறகு யெஸ் குழுவில் சேர்ந்து 1983இல் ‘90125’ போட்டது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி வேறொரு நாள்.

30 மார்ச்

‘ஓவர் ஜெருசலேம்’ பற்றி எழுதச் சொல்கிறார்கள். எழுத மாட்டேன். அந்த ஊரின் பேரை எடுத்தாலே இங்கே சாப்பாட்டு மேசையில் இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. மெட்டு நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

5 ஏப்ரல்

குழல் பற்றி ஒரு தகவல், வாசிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் யாராவது இருந்தால். ஆண்டர்சன் 1967இல் தன் கிட்டாரைக் கொடுத்துவிட்டு ஒரு மைக்கும் ஒரு குழலும் வாங்கினார். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கர்க், ஊதிக்கொண்டே முனகுவார், அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து ஆண்டர்சனின் மகள் பள்ளியில் குழல் கற்றபோதுதான் தன் விரல் வைப்பு பல இடங்களில் தவறு என்று தெரிந்தது. அதற்குள் உலகமெல்லாம் புகழ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து திருத்திக்கொண்டார்.

நாற்பது வயதைத் தாண்டி விரலைத் திருத்துவது சின்ன வேலையில்லை. எனக்குத் தெரியும், நான் பதினேழு வயதிலேயே முடியாமல் விட்டவன்.

அதே நாள்

என்னத்தை விட்டாய் என்று அக்கா கேட்கிறார். நாதஸ்வரம். எங்கள் மாமா கோயிலில் வாசித்தார். இரண்டு ஆண்டுகள் சீவாளியைக் கடித்துக்கொண்டு அவர் பின்னால் திரிந்தேன். மூச்சு போதவில்லை. கடைசியில் ஒத்து ஊதக் கொடுத்தார். ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். அதையும் நடுவில் விட்டேன். “ஒத்து ஊதவும் ஆகாதவன்” என்று மாமா சொன்னது குடும்பத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது.

19 ஏப்ரல்

நேற்று புனித வெள்ளி. வழக்கம்போல இசிபிங்கோ மாரியம்மன் கோயில். வெளியூர்த் தமிழர்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஈஸ்டர் விடுமுறையில் அம்மனுக்குத் திருவிழாவா என்று. கரும்புத் தோட்டத்தில் நம் ஆட்களுக்கு விடுமுறை கிடைத்த நாள் அது. அம்மன் அனுசரித்துக்கொண்டாள்.

நாதஸ்வரம் இரண்டு பேர். ஒருவர் பெரியவர், எழுபது இருக்கும். மற்றவர் சிறுவன். பெரியவர் ஒரு பிடி பிடிப்பார், பாதியில் இறக்கிவிடுவார், அந்த இடத்திலிருந்து சிறுவன் எடுத்துக்கொண்டு போவான். பெரியவர் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, தன் முறை வரும்வரை நிற்பார். அவர் இறக்கிய இடம் ஒவ்வொரு முறையும் சரியான இடம். கேட்பவனுக்கு அவர் களைத்து விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா தெரியாது.

அக்கா, உங்கள் கேள்வியின் மீதிப் பாதிக்கு இதுதான் பதில். நான் பரிதாபப்படவில்லை. எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவரை ரசிக்கிறேன். ‘ஸ்டிஜியன் ஹேண்ட்’ கேளுங்கள், குரல் இறங்கும் இடத்தில் குழல் ஏறுகிறது. கீழே ஜான் ஓஹாராவின் அக்கார்டியன் ஒத்து ஊதுகிறது. அதை விட்டுவிடாமல் ஊதுகிறது, என்னைப் போல அல்ல.

22 ஏப்ரல்

தூக்கம் வரவில்லை. ஒரு விஷயம் முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

‘அக்வாலங்’. 1971. தெருவில் கிடக்கும் கிழவன் ஒருவனைப் பற்றிய பாட்டு. ஆண்டர்சனின் அந்நாள் மனைவி எடுத்த புகைப்படங்களைப் பார்த்துவிட்டு இருவருமாக எழுதியது. அக்வாலங் என்பது கடலுக்கடியில் மூழ்குபவர் முதுகில் கட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி. அந்தக் கிழவன் மூச்சு விடும்போது நெஞ்சில் அப்படிச் சத்தம் கேட்கும், அதனால் அந்தப் பட்டப்பெயர். அதைப் பாடியபோது ஆண்டர்சனுக்கு 23 வயது. நெஞ்சில் காற்று நிறைய இருந்த வயது.

எங்கள் தாத்தாவுக்கும் அந்தச் சத்தம் இருந்தது. ஆலைக் கொதிகலனுக்கு முன்னால் முப்பது ஆண்டுகள். இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். நானும் அண்ணனும் அவருக்கு அக்வாலங் என்று பேர் வைத்தோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நாங்கள் கூப்பிட்டால் “என்னடா” என்று வருவார். அவர் இழுப்பதை நான் அப்படியே செய்து காட்டுவேன். அண்ணன் தரையில் உருண்டு சிரிப்பார்.

இப்போது அதைச் செய்து காட்ட நான் மெனக்கெட வேண்டியதில்லை.

23 ஏப்ரல்

நேற்று எழுதியதை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். இருக்கட்டும்.

தம்பி, நீங்கள் ‘அக்வாலங்’ கேட்டுவிட்டு உடனே ‘கியூரியஸ் ரூமினன்ட்’ தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். இடையில் வேறு எதையும் போடாதீர்கள். குரல் இல்லை என்று அதன் பிறகும் சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

27 ஏப்ரல்

தம்பி கேட்டுவிட்டார். பதில்: “குரல் இல்லைதான். ஆனால் இரண்டு முறை போட்டேன்.”

போதும்.

அவர் கிராமி விருதுக் கதையையும் கேட்டிருக்கிறார். ஆம், 1989இல் கடின ராக், மெட்டல் பிரிவில் மெட்டாலிக்கா குழுவை விட்டு ஜெத்ரோ டல்லுக்குக் கொடுத்தார்கள். கிடைக்காது என்று நினைத்து விழாவுக்கே போகவில்லை. ஊரெல்லாம் சிரித்தபோது, குழல் ஒரு கனமான உலோகக் கருவி என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டது அவர்கள் நிறுவனம். உலோகம், அதாவது மெட்டல். மாமாவின் நாதஸ்வரம் ஆச்சா மரம், அதனால் எங்களுக்கு விருதுக்கு வழியில்லை.

4 மே

அண்ணனிடம் பேசினேன். இப்போது கேப் டவுனில் மகளோடு இருக்கிறார். புதுத் தொகுப்பு கேட்டாயா என்றேன். “யார், கிறுக்குக் கிருஷ்ணனா? இன்னும் ஊதுகிறானா?” என்றார்.

வடைக் கதையை இங்கே எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, “ஆயா எடுக்கவில்லையடா” என்றார். “அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நீ. ஆயா தாள் கேட்டார், கையில் அகப்பட்டதை நீதான் கொடுத்தாய். உனக்கு அடி விழக்கூடாது என்று ஆயா தன் மேல் போட்டுக்கொண்டார். எனக்கு அன்றே தெரியும்.”

ஐம்பத்திரண்டு ஆண்டுகள்.

ஆகவே 12 மார்ச் அன்று எழுதியதைத் திருத்திப் படிக்கவும். எண்ணெய்க் கறை பட்ட அந்தத் தாள் அவரிடம் பத்திரமாக இருக்கிறதாம். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

5 மே

வந்துவிட்டது. மஞ்சளாகியிருக்கிறது. ஏழு வட்டங்கள் எண்ணினேன். ஆயா சொன்னது சரி, எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது.